மீட்டர் கிடைக்கும் வரை

ஐப்பசி 6

இன்றைக்கு உப்புச்சக்கரை மாற்றிக் கல்யாணத்தை நிச்சயம் பண்ணியாகிவிட்டது. என் பேத்தி கோகிலவாணிக்கும் என் தம்பி நாச்சிமுத்துவின் பேரன் சஞ்சீவுக்கும். பேசி முடித்தது நான்தான். பிறந்த வீட்டுக்கே பேத்தியைக் கொடுக்கிற யோகம் எல்லோருக்கும் வாய்க்காது. தாராபுரத்திலிருந்து இரண்டு வண்டி நிறைய வந்து சாப்பிட்டார்கள். ரசம் மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

தேதிப் பேச்சு வந்தது. நான் சபையிலேயே சொல்லிவிட்டேன். "இந்த ஊட்டுப் புள்ளைங்க எல்லாம் அவங்க அப்பாரு ஆஸ்டின் கார்லதான் கலியாணத்துக்கு வாசல் தாண்டிருக்குதுங்க. வாணியும் அப்படித்தான். கார் ஓடட்டும், மறுநாளே தேதி குறிச்சுக்கலாம்."

நாச்சிமுத்து சிரித்தான். "அக்கா, அந்தக் கார் எந்திரிச்சு ஓடறதுக்குள்ள எனக்குக் கொள்ளுப் பேரனே பொறந்துருவான்."

அவனுக்கு என்ன தெரியும். என் வீட்டுக்காரர் விட்டுப்போன காருக்கு என்ஜின் வேலை முடிந்துவிட்டது. கறுப்புப் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. பெயிண்ட் பட்டறையில் நிற்கும்போது எவனோ பெட்ரோல் மீட்டரையும் ஹீட் மீட்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். டாஷ்போர்டில் கண் பிடுங்கின மாதிரி இரண்டு ஓட்டை. அவ்வளவுதான் பாக்கி.

ஐப்பசி 9

மழை. வயரிங் ஜான்சன் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடுகிறேன் என்றான். "ஹீட் மீட்டர் இல்லாமக்கூட ஓட்டலாமுங்" என்றான். நான் விடவில்லை. என் மகன் தங்கவேல் கல்யாணத்தில் மீட்டரைப் பார்க்காமல்தான் ஓட்டினார்கள். நாயனக்காரர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தது கார். முன்பக்கக் கம்பி வலை முழுக்கச் சாமந்திப் பூவைக் கட்டி அடைத்துவிட்டார்கள். காற்றே போகவில்லை. பிள்ளையார் கோயில் முக்கில் ரேடியேட்டர் பொங்கி, மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபம் வரை நடந்தான். சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். முள்ளைப் பார்த்து ஓட்டியிருந்தால் அந்தக் கேவலம் வந்திருக்குமா.

ஐப்பசி 17

உக்கடத்திலிருந்து ஒரு ஹீட் மீட்டர் வந்தது. லாரியுடையதாம். ஓட்டைக்குள் போகவில்லை. "தட்டு சைஸ் கூடப் பாக்காம வாங்கியாறது என்ன தொழில்காரன்" என்று ஜான்சனைப் பிடித்துக்கொண்டேன். வாணி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள். செல்போனிலேயே பழைய கார்க்காரர்களை எல்லாம் பிடித்துக் கேட்கிறாள். "கவலப்படாதீங்க ஆத்தா, உங்க காரு ஓடீரும்" என்கிறாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பேத்தி யாருக்கு இருக்கிறாள்.

ஐப்பசி 24

தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு தாராபுரம் போய் வந்தோம். நானும் தங்கவேலும் மருமகள் பூங்கொடியும்.

சஞ்சீவ் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவன் அப்பன் தவறினதிலிருந்து தென்னைநார் மில்லை அவன்தான் பார்க்கிறான். நல்ல பேச்சு. அவன் அம்மா கலாமணி முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். சுவரில் ஒரு கொசு உட்கார்ந்தது. அதை அடிக்க அவன் கையை ஓங்கினான். கலாமணி தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு முகத்துக்குக் குறுக்கே கையை வைத்தாள். தட்டு கீழே விழுந்தது.

"கொசுங்க பாட்டி" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். தங்கவேல் குனிந்து முறுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பூங்கொடி புதுத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

முறுக்கு நன்றாக இருந்தது. எள் கொஞ்சம் கூடுதல்.

ஐப்பசி 25

வெங்காயம் உரித்தேன். வேறொன்றும் இல்லை.

ஐப்பசி 28

வாணி துள்ளிக்கொண்டு வந்தாள். கல்கத்தாவில் ஒருவரிடம் அதே ஆஸ்டின் ஹீட் மீட்டர் இருக்கிறதாம். படத்தைக் காட்டினாள். அதேதான். வெள்ளை முகம், கறுப்பு முள், ஓரத்தில் வெள்ளிப் பூண்.

நிறம் வேறு மாதிரி இருக்கிறது, உன் அப்பாரு மீட்டர் இன்னும் கொஞ்சம் பழுப்பு என்றேன்.

"பழசானா எல்லாம் பழுப்பாத்தான் ஆத்தா ஆகும்."

வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு நிறம் முக்கியம். அதில் என்ன தப்பு.

கார்த்திகை 5

பெட்ரோல் மீட்டர் சென்னையிலிருந்து வந்து மாட்டியாயிற்று. டேங்குக்குள் மிதக்கிற உருண்டையும் கம்பியும் வேறு எங்கோ வாங்கினார்கள். பெட்ரோல் ஏற ஏற அந்த உருண்டை மேலே வந்து, மீட்டருக்குச் சேதி சொல்ல வேண்டும். சொல்கிறது, தலைகீழாக. டேங்க் நிறைந்தால் காலி என்கிறது, காலியானால் நிறைந்துவிட்டது என்கிறது.

"நம்ம பஞ்சாயத்துக் கணக்காட்டம் இருக்குது" என்றான் தங்கவேல்.

ஜான்சன் தலையைச் சொறிந்தான். "மீட்டர் ஒரு கம்பெனி, மிதவை ஒரு கம்பெனிங். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாதுங்."

"ஒத்துப்போகாததை எதுக்கு ஒண்ணாக் கட்டி வெக்கறீங்க, களட்டுங்க" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ராத்திரி இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

கார்த்திகை 12

நாச்சிமுத்து போன் செய்தான்.

"ஏக்கா, தையிலயாச்சும் வெச்சுக்கலாமா? பையன் கேட்டுட்டே இருக்கறான்."

"மீட்டர் வரோணுமல்ல."

"மீட்டரா கலியாணம் பண்ணிக்குது? வாடகைக்கு ஒரு நல்ல கார் புடிச்சுக்கலாம்."

"சபையில சொன்னது சொன்னதுதான் நாச்சிமுத்து. நான் பேச்சு மாத்தி நீ எப்பப் பாத்த?"

"அதான் தெரியுமே" என்றான். "உன்ற வாக்குன்னா கல்லுல வெட்டுனதுன்னு நம்மளப் பெத்த ஐயனே சொல்லுவாரு."

போனை வைத்தேன். வாக்குக் கொடுத்தது நான். ஊர் முழுக்கச் சாப்பிட்டுப் போயிருக்கிறது. பையனிடம் குடி இல்லை, சீட்டு இல்லை, சொத்துக்குக் குறைவில்லை. ஒரு கொசுவுக்காக யாராவது கல்யாணத்தை நிறுத்துவார்களா. கேட்டால் சிரிப்பார்கள். நானே சிரிப்பேன்.

கார்த்திகை 19

கல்கத்தா மீட்டர் கூரியரில் வந்துவிட்டது. வாணி எனக்குத் தெரியாமல் தன் சம்பளத்தில் வரவழைத்திருக்கிறாள். மெழுகுத்தாளைப் பிரித்து என் மடியில் வைத்தாள். "நீங்க நிறத்தப் பத்திச் சொன்னீங்கல்ல, நேர்ல பாருங்க, பழுப்பாத்தான் இருக்குது." சின்னப் பிள்ளையில் பரீட்சை மார்க் காட்டுகிறபோது இப்படித்தான் நிற்பாள்.

பழுப்பாகத்தான் இருந்தது.

இதற்கு வயர் கிடையாது. மீட்டரின் முதுகிலிருந்து நூல் மாதிரி ஒரு செம்புக் குழாய் நீளமாக வருகிறது. அதன் நுனியில் ஒரு குமிழ். குமிழை என்ஜின் தண்ணீருக்குள் சொருகினால், குழாய்க்குள் இருக்கிற ஆவி சூட்டில் விரிந்து முள்ளைத் தள்ளும். "கொழாய் வெட்டுப்பட்டா ஆவி போயிருமுங். அப்பறம் மீட்டரத் தூக்கி வீசவேண்டியதுதான். யாரும் தொடாதீங்" என்று ஜான்சன் சொல்லிவிட்டுப் போனான். நாளைக்கு மாட்டுகிறானாம். ஷெட்டில் பெஞ்சு மேல் வைத்திருக்கிறார்கள்.

கார்த்திகை 20

என் பாக்குவெட்டி மழுங்கிவிட்டது. சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும்.

ஹீட் மீட்டரின் குழாய் அறுந்து கிடந்ததாம். எலி என்கிறார்கள். தங்கவேல் எலிப்பொறி வாங்கி வந்து தேங்காய்ச் சில்லு வைத்திருக்கிறான்.

கார்த்திகை 24

எலி விழவில்லை. தேங்காய்ச் சில்லைத் தினமும் மாற்றுகிறார்கள். தேங்காய் விற்கிற விலையில்.

சாயங்காலம் வாணி அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"எலிக்குப் பல்லு நெம்ப நேரா இருக்குது ஆத்தா."

"கெழட்டு எலியா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் நான் சரின்னேன். எனக்கு அவரப் புடிக்கும்னோ புடிக்காதுன்னோ இல்ல. ஆத்தா பாத்தாச் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். இப்ப என்ன ஆச்சு, சொல்லுங்க."

கொசுவைச் சொன்னேன்.

குழாயின் அறுந்த நுனியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் அப்பாகிட்டச் சொல்லீர்றேன், எனக்கு வேண்டாம்னு" என்றாள்.

"வாயத் தெறந்தியானா பாரு. பொண்ணு வேண்டாம்னா, பொண்ணுக்கு வேற எவனோ இருக்கறான்னு தாராபுரம் வரைக்கும் பேசுவாங்க. உன்ற பேர் கெடக் கூடாது."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"பேசாமப் போய் வேலையப் பாரு."

போய்விட்டாள். குழாயை என் தலையணை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மார்கழி 4

பெங்களூரில் ஒரு ஆள் இருக்கிறாராம். அறுந்த குழாயை ஒட்டி, ஆவி அடைத்துப் புதிது மாதிரி ஆக்கித் தருகிறாராம். தங்கவேல் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். "அம்மா, நீங்க மனசு ஒடஞ்சு உக்காந்திருக்கறீங்கன்னுதான் எறங்கித் தேடினேன்" என்கிறான்.

உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் இருக்கிறான்.

மார்கழி 13

வாசலில் கோலம் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பெட்ரோல் மீட்டருக்கு ஜோடியான மிதவையும் கிடைத்துவிட்டது. இப்போது நிறைந்தால் நிறைந்தது என்கிறது.

வாணி என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

மார்கழி 26

ஹீட் மீட்டர் வந்தது. இந்தத் தடவை ஜான்சன் வந்த கையோடு மாட்டிவிட்டான். சாவியைத் திருகினார்கள். என்ஜின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. தங்கவேல் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன் சீட்டில் உட்காரவைத்தான். எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, முள் மெதுவாக ஏறி நடுவில் வந்து நின்றது. பூங்கொடி கை தட்டினாள்.

"ஆச்சுங்களாம்மா? இனி ஒரு கொறையும் இல்லீல்ல?" என்றான் என் மகன். அவன் கண் கலங்கியிருந்தது. அப்பன் கார் அல்லவா.

ஒரு குறையும் இல்லை என்றேன். கதவைத் திறக்கத் தெரியாத மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தை 4

பொங்கல் கழிந்ததும் வருகிறேன் என்ற நாச்சிமுத்து, சோசியர் குறித்துக் கொடுத்த நாட்களோடு வந்தான். சஞ்சீவும் கலாமணியும் கூட. சஞ்சீவ் ஆஸ்டினை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். "சூப்பரா இருக்குது மாமா" என்றான் தங்கவேலிடம். பூங்கொடி வெற்றிலைத் தட்டை எடுத்துவைத்தாள். வாணி தூண் ஓரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தேன். கலாமணி பின்னாலேயே வந்தாள். டம்ளரைக் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னாள்.

"அந்த மீட்டர் கெடைக்காமயே போயிருக்கலாமுங்கம்மா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிக்கறானா?"

"அவங்கப்பாவும் அப்படித்தானுங்க. எனக்குப் பழகிப்போச்சுங்க. வாணி தாங்காதுங்க."

குழாயை மூடிவிட்டு வெளியே வந்தேன். தம்பி முன்னால் போய் நின்றேன். "நாச்சிமுத்து, இந்தக் கலியாணம் நடக்காது" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. "எந்தத் தேதி வேண்டாம்கறே?"

"எந்தத் தேதியும் வேண்டாம். வாக்குக் குடுத்தது நான். திருப்பி எடுத்துக்கறதும் நான். வாணிக்கு இதுல சம்பந்தம் இல்ல. அவ ஒரு வார்த்த பேசல."

தங்கவேல், "அம்மா, என்னங்கம்மா" என்று எழுந்துவிட்டான். நாச்சிமுத்து காரணம் சொல் என்றான். காரணத்தைச் சொன்னால் அது எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியும்.

"எனக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சுன்னு ஊர்ல சொல்லிக்க" என்றேன். "ராமாத்தா பேச்சு மாத்தீட்டான்னு சொல்லிக்க. நான் இல்லேங்க மாட்டேன்."

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டான். எங்கள் பக்கத்தில், கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். மகன் எத்தனை பட்டு வாங்கினாலும் அது கோடியாகாது.

"உன்ற சாவுக்கு எங்க ஊட்டுக் கோடி வராது" என்றான். "அம்மணமாப் போ."

எழுபத்தாறு வயதில் கேட்டாயிற்று.

சஞ்சீவ், நான் சமையலறையிலிருந்து வந்ததையும், எனக்குப் பின்னால் அவன் அம்மா ஈரக் கையோடு வந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்கம்மா, போலாம்" என்று சிரித்தபடி கார்க் கதவைத் திறந்து பிடித்தான். அவள் ஏறினாள்.

அவளை நான் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது.

தை 5

தங்கவேல் பேசவில்லை. பூங்கொடி அழுதபடியே சோறு போட்டாள். சாணை பிடிக்கிறவன் வந்தான், அனுப்பிவிட்டேன். வாணி என் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

தை 7

கலாமணிக்குப் போன் போடச் சொன்னேன். வாணி நேற்றிலிருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறாளாம். அணைத்து வைத்திருக்கிறது என்று வருகிறதாம்.

தை 8

காலையில் தங்கவேலிடம் காரை எடு, தாராபுரம் போக வேண்டும் என்றேன். "எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். அன்றாடம் ஓட்டுகிற மாருதி காரையும் எடுத்துப் போய்விட்டான். வாணி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்டின் சாவியை எடுத்துக்கொண்டாள். அவளும் ஓட்டுவாள் என்று தெரியும். இந்தக் காரை ஓட்டுவாள் என்று தெரியாது.

நான் பிறந்த வீட்டு வாசலில் வண்டி நின்றது. இறங்கவில்லை. இறங்கினால் வாங்க என்று சொல்ல அங்கே ஆளில்லை. நாச்சிமுத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சஞ்சீவ் மில்லுக்குப் போயிருந்தான். கலாமணி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்து ஒரு பக்கக் கன்னத்தை மூடிக்கொண்டாள். மூடியும் வீக்கம் தெரிந்தது.

"கலாமணி, வந்து வண்டியில ஏறு" என்றேன்.

"இல்லீங்கம்மா. எரும கறக்கோணுமுங்க."

"அத அவிக கறந்துக்குவாங்க. நீ வா."

"நான் எங்கீங்கம்மா வர்றது."

"என்ற ஊட்டுக்கு."

நாச்சிமுத்து பேப்பரை இறக்காமலேயே பேசினான். "அவ வர மாட்டா. நீ கெளம்பு அக்கா. இதுக்கு மேல என்னத்த அத்துட்டுப் போகப் போறே?"

கலாமணி பாத்திரத்தை விட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குள் போனாள். வருவதற்குப் போனாளா, ஒளிந்துகொள்ளப் போனாளா, தெரியவில்லை. வண்டி உறுமிக்கொண்டு நின்றது. இங்கே அணைத்தால் மறுபடி பிடிக்கும் என்று நிச்சயமில்லை. நல்ல வெயில்.

"ஆத்தா, முள்ளு ஏறுது" என்றாள் வாணி.

"ஏறட்டும்."

"பாதி தாண்டிருச்சு. நின்ன எடத்துலயே நின்னாக் காத்து போகாது."

"இரு கண்ணு."

மில் இருக்கிற பக்கம் ஒரு பைக் சத்தம் கேட்டது. வேறு யாரோ. நான் முள்ளையும் அந்த வாசல் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டே போய்விட்டது. முன்பக்கம் லேசாகப் புகைகிற மாதிரி இருந்தது. வாணி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். போகலாமா என்று கேட்கவில்லை.

கலாமணி வந்தாள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் இரண்டு சேலைக்கு மேல் இருக்காது. நாச்சிமுத்துவின் நாற்காலியைத் தாண்டித்தான் வர வேண்டும். வந்தாள். அவன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை முழுக்க மறைத்துக்கொண்டான். மருமகளை அவன் தடுக்கவில்லை. அவனுக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பின் சீட்டில் ஏறினாள். அந்தக் கதவு ஒரு தடவையில் பிடிக்காது. வெளியே நின்று யாராவது அழுத்திச் சாத்த வேண்டும். நான் இறங்கக் காலை எடுத்தேன்.

"நீங்க உக்காருங்கம்மா" என்றாள். உள்ளே இருந்தே கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, அவளே சாத்தினாள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்துச் சாத்தினாள்.